இரண்டாவது சாவித்துளை

ஜனவரி 12

அன்புத் தம்பிக்கு,

உன் முதுகுவலி தேவலையா? அம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரையை மாற்றிக் கொடுத்தாயிற்றா? எனக்கு இருமல் மட்டும் போன மாதத்திலிருந்து விடுவேனா என்கிறது. மற்றபடி குறையில்லை.

இந்தக் காலத்தில் எவளாவது காகிதத்தில் எழுதுவாளா என்று சிரிப்பாய். சிரித்துக்கொள். பதிலையும் காகிதத்திலேயே எழுதி, உறை மேல் இருக்கும் அச்சகத்து முகவரிக்குப் போடு. போன் வேண்டாம், மெயிலும் வேண்டாம். ஏன் என்று கேட்காதே.

விஷயம் இதுதான். நீ வாங்கிக்கொடுத்த லேப்டாப்பில் ஒரு பாதி விண்டோஸ், மறு பாதி லினக்ஸ். விண்டோஸில் உன் அத்தான் தன் ஆபீஸ் வேலையைப் பார்க்கிறார். லினக்ஸ் என்னுடையது. பகலெல்லாம் அச்சகத்தில் ஊரார் புத்தகத்துக்குப் பக்கம் கட்டுகிறேன். மிச்ச நேரத்தில் நாலு வருஷமாக ஓர் எழுத்துரு வரைந்துகொண்டிருக்கிறேன். அது முழுக்க அந்தப் பாதியில்தான் இருக்கிறது. அதைப் பூட்ட வேண்டும். கடவுச்சொல்தான் இருக்கிறதே என்று ஆரம்பிக்காதே. அது வெறும் திரைச்சீலை. தள்ளிவிட்டு உள்ளே வரலாம் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று.

எனக்குப் புரிகிற மாதிரி எழுது. ஆபீஸ் பாஷையில் எழுதினால் கிழித்து உனக்கே திருப்பி அனுப்புவேன்.

அம்மாவிடம் இதைப் பற்றி மூச்சு விடாதே.

இப்படிக்கு,
அக்கா

ஜனவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நானும் அம்மாவும் நலம். முதுகுவலி, உனக்காகத் தபால் நிலைய வரிசையில் நின்றதில் இரண்டு மடங்காகியிருக்கிறது. கம்ப்யூட்டர் பாதுகாப்பையே தொழிலாக வைத்திருப்பவன் கோந்து தடவித் தபால்தலை ஒட்டுகிறான் என்று ஆபீசில் தெரிந்தால் மானம் போகும். இரண்டு வரி மெசேஜில் முடிகிற காரியம். நீயோ, ராணுவ ரகசியம் மாதிரி பண்ணுகிறாய்.

சரி, கவனமாகப் படி. முதலில் உன் கோப்புகளை எல்லாம் வேறொரு டிரைவில் நகல் எடு. நகல் எடுக்காமல் அடுத்த வரிக்கு வராதே. பிறகு லினக்ஸைப் புதிதாக நிறுவ வேண்டும். நடுவில் ஒரு கேள்வி வரும்: வட்டு முழுவதையும் அழித்துவிட்டுக் குறியாக்கம் செய்து, அதாவது பூட்டுப் போட்டு, நிறுவட்டுமா என்று. சுலபமாகத் தெரிகிறதே என்று அதைத் தொட்டாயானால் அத்தானின் பாதி காலி. கீழே, 'நானே பிரித்துக்கொள்கிறேன்' என்று இருப்பதைத் தேர்ந்தெடு. கம்ப்யூட்டர் கண் விழிப்பதற்கான சின்னத் துண்டு ஒன்று பூட்டாமல் இருக்க வேண்டும். மிச்சத்தை ஒரே பெட்டியாக்கிப் பூட்டு. சாவி என்பது நீளமான சொற்றொடர். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத ஆறு வார்த்தை போதும்.

இந்தப் பூட்டில் ஒரு வசதி. ஒரே பூட்டுக்குப் பல சாவித்துளைகள் உண்டு. எந்தத் துளையில் எந்தச் சாவியைப் போட்டாலும் திறக்கும். முதல் துளை உனக்கு. இரண்டாவது துளையில் நான் தனிச் சீட்டில் எழுதியிருக்கும் சொற்றொடரைப் போட்டுவிடு. நீ மறந்தால் நான் இருப்பேன். முறைப்படி இப்படித்தான் செய்வார்கள். இரண்டு பேரும் மறந்துபோனால் கடவுளே வந்தாலும் திறக்க முடியாது, தெரிந்துகொள்.

சொல்லப்போனால் அத்தான் பாதியையும் பூட்டினால்தான் அது முழுப் பூட்டு. அவரிடம் நான் பேசட்டுமா?

தம்பி

பிப்ரவரி 10

கம்ப்யூட்டர் துரைக்கு,

அவரிடம் நீ ஒன்றும் பேச வேண்டாம். அவர் பாதி அவர் பாடு. இதை மூன்று முறை படி.

சனிக்கிழமை லேப்டாப்பை அச்சகத்துக்குத் தூக்கிக்கொண்டு போய், மடிப்பு மேசையில் வைத்து வேலையை முடித்தேன். போர்மேன் எட்டிப் பார்த்து, "என்னம்மா, ஆப்பரேஷனா? பிழைச்சுக்குமா?" என்றார். முதல் தடவை விண்டோஸ் சரியாக மூடாமல் தூங்கிக்கொண்டிருந்ததாம், வட்டைத் தொடவே விடவில்லை. அதை முழுசாக அணைத்துவிட்டுத் திரும்ப ஆரம்பித்தேன். இதை நீ எழுதவே இல்லை. எட்டுப் பக்கம் உபதேசம் பண்ணத் தெரிகிறது, வேண்டியதை எழுதத் தெரியவில்லை.

பூட்டிவிட்டேன். இப்போது லினக்ஸைத் திறந்தால் கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி, சாவியைக் கேட்டுக்கொண்டு நிற்கிறது. அதைப் பார்த்தால் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருக்கிறது என்று உனக்குப் புரியாது.

ஆனால் உன் இரண்டாவது சாவி எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. என் பெட்டிக்கு உன்னிடம் எதற்குச் சாவி? நாற்பத்தொரு வயதில் ஆறு வார்த்தை நினைவில் வைத்துக்கொள்ளத் தெரியாதா எனக்கு? முறைப்படி அப்படித்தான் செய்வார்கள் என்று அழுத்தி எழுதியிருந்ததால், பல்லைக் கடித்துக்கொண்டு போட்டேன். யாரிடமும் சொல்லாதே. யாரிடமும் என்றால் யாரிடமும்.

உனக்கு மட்டும் ஒரு செய்தி. வேறு ஊரில் இருக்கும் ஓர் எழுத்துரு நிறுவனத்துக்கு என் வரைவை அனுப்பியிருந்தேன். பிடித்துவிட்டது. வேலைக்கே கூப்பிடுகிறார்கள், வரைபவளாக, என் பெயரோடு. மார்ச்சில் கடைசி நேர்காணல். வீட்டில் இன்னும் சொல்லவில்லை. ஆணை கையில் வந்த பிறகுதான் சொல்வேன்.

அம்மாவைக் கேட்டதாகச் சொல். இருமல் குறைந்திருக்கிறது.

அக்கா

பிப்ரவரி 21

அன்புள்ள அக்காவுக்கு,

அடி சக்கை! படித்துவிட்டு ஆபீஸ் மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அம்மாவிடம் சொல்லவில்லை, வாய் துறுதுறுக்கிறது. அம்மா சுகம். கண்ணாடி மட்டும் மாற்ற வேண்டும்.

சாவி விஷயத்தில் வீணாகக் கோபப்படாதே. என் தொழிலே இதுதான். நாள் முழுக்க ஆபீசில் எல்லாரையும் உட்காரவைத்து, எவன் கேட்டாலும் கொடுக்காதே, மேலதிகாரி என்று சொன்னாலும் கொடுக்காதே என்று பாடம் எடுக்கிறவன் நான். என்னிடமிருந்து போகுமா?

நேர்காணலுக்கு வாழ்த்துகள்.

தம்பி

ஏப்ரல் 18

தம்பிக்கு,

நேர்காணலில் தேர்வாகிவிட்டேன், ஜூன் முதல் தேதி சேர வேண்டும் என்று போன மாதம் நாலு வரி எழுதிப் போட்டேனே, கிடைத்ததா? வீட்டிலும் அன்றைக்கே சொல்லிவிட்டேன். பதிலே இல்லை.

இன்று காலை அச்சகத்துக்கு அந்த நிறுவனத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. வேலை வேண்டாம் என்று நான் தெரிவித்த முடிவை வருத்தத்துடன் ஏற்கிறார்களாம். எந்த முடிவு? யார் தெரிவித்தது? கையில் இருந்த புரூப் தாள்களைக் கீழே போட்டுவிட்டு, வீட்டுக்கு ஓடி லேப்டாப்பைத் திறந்தேன். என் மெயிலில், அனுப்பியவற்றில் இருக்கிறது. மார்ச் 28, வியாழக்கிழமை, காலை பதினொன்று இருபது. அந்த நேரத்தில் நான் அச்சகத்தில் அட்டைப்படம் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். லேப்டாப் வீட்டில் இருந்தது.

என்ன எழுதியிருக்கிறது, கேள். குடும்பக் காரணங்களால் வர இயலாதாம். அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. இந்த எழுத்துரு என் கணவரின் மேற்பார்வையில் உருவானது, அவர் சம்மதமில்லாமல் தருவதற்கில்லை என்று, நான் எழுதினதாக, என் பெயர் போட்டு! மேற்பார்வையாம்! 'ண'வுக்கும் 'ன'வுக்கும் எத்தனை சுழி என்று கேட்டால் விரல் விட்டு எண்ணுகிற மனிதர்!

மாலையில் அவரையே கேட்டேன். "உன் நல்லதுக்குத்தான் பண்ணினேன். தனியா ஒரு ஊர்ல போய் என்ன பண்ணுவே?" என்று செய்தித்தாளை மடித்துக்கொண்டே சொன்னார். எப்படித் திறந்தீர்கள் என்றேன். சிரித்தார், அவ்வளவுதான்.

என் சாவி என் மண்டைக்குள் இருக்கிறது. எங்கேயும் எழுதி வைக்கவில்லை. அது எப்படித் திறந்தது? நீதானே தொழில்காரன், சொல்.

அக்கா

மே 14

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்தானே? உன் இரண்டு கடிதங்களும் வந்தன. வேலை அதிகம், அதனால்தான் தாமதம். அம்மாவுக்குப் புதுக் கண்ணாடி வாங்கினேன். சட்டகம் பெரிதாக இருக்கிறது என்று குறைப்பட்டுக்கொண்டே போட்டுக்கொள்கிறாள். இங்கே வெயில் தாங்கவில்லை.

நடந்தது வருத்தமான விஷயம்தான். பூட்டைத் திறக்கப் பல வழிகள் உண்டு. சில சமயம் நிறுவும்போதே ஏதாவது ஓட்டை விழுந்திருக்கலாம். சாவியைத் தட்டும்போது யாராவது பார்த்திருக்கலாம். இப்போது அதை ஆராய்ந்து என்ன ஆகப்போகிறது? அத்தானும் கெட்ட எண்ணத்தில் செய்திருக்கமாட்டார். நீங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து நிதானமாகப் பேசுங்கள். வேறு வேலை வராமலா போய்விடும்?

உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி

மே 19

தம்பிக்கு,

வெயிலைப் பற்றியும் கண்ணாடிச் சட்டகத்தைப் பற்றியும் நான் கேட்கவில்லை.

ஒவ்வொரு துளையிலும் எந்தச் சாவி ஏறியிருக்கிறது என்று பார்த்தேன். இரண்டுதான் இருக்கின்றன. ஒன்று என்னுடையது. மென்று முழுங்காமல் ஒரே வரியில் பதில் எழுது. கொடுத்தாயா?

அக்கா

மே 27

அக்காவுக்கு,

கொடுத்தேன்.

மார்ச் கடைசியில், ஆபீசில் கூட்டம் ஆரம்பிக்கப் போகிற நேரம். அத்தான் போன் பண்ணினார். "மச்சான், உங்க அக்கா ஜுரத்துல படுத்திருக்கா. அச்சகத்துல ஏதோ ஃபைலை அவசரமாக் கேக்கறாங்களாம். அவளுக்கு அந்தப் பாஸ்வேர்டே நினைவுக்கு வரலை. நீதானே போட்டுக் குடுத்திருப்பே, உங்கிட்ட ஒண்ணு இருக்கும்ல?" என்றார். இருக்கிறது என்றேன். எழுத்து எழுத்தாகச் சொன்னேன். உள்ளே போனதும் உன் பெயருக்கான கடவுச்சொல்லைக் கேட்டது. அதைத் தாண்டும் வழியையும் நானே சொல்லிக்கொடுத்தேன். பதினைந்து நிமிஷம். "மச்சான்னா மச்சான்தான், எவ்வளவு தெளிவாச் சொல்றே!" என்றார். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது, அக்கா. அதை எழுதத்தான் இத்தனை நாள் கை வரவில்லை.

உன்னைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். தோன்றவே இல்லை. வேறு எவன் கேட்டிருந்தாலும் நூறு கேள்வி கேட்டிருப்பேன். அத்தான் கேட்கிறார், அவரிடம் போய் இல்லை என்று எப்படிச் சொல்வது? நம் வீட்டில் அவருக்கு யார் இல்லை என்று சொல்லியிருக்கிறார்கள்?

என்னை என்ன வேண்டுமானாலும் திட்டு.

தம்பி

ஜூன் 4

தம்பிக்கு,

திட்டினால் உனக்குப் பாரம் குறைந்துவிடும். அதற்காகவே திட்டப் போவதில்லை.

ஏன் காகிதத்தில் எழுதுகிறேன் என்று ஜனவரியில் இளக்காரம் பண்ணினாயே, இப்போது சொல்கிறேன். நான் குளிக்கப் போனால் என் போனை எடுத்துப் படிப்பார். ஒளித்தும் படிப்பதில்லை, நான் தலை துவட்டிக்கொண்டு வரும்போது, "உன் ஃப்ரெண்டுக்கு ஏன் இப்படி பதில் போட்டிருக்கே?" என்று கேட்பார். போன வருஷம் என் கோப்பைத் திறந்து, 'ழ'வின் வால் நீளம் என்று தானே இழுத்துக் குட்டையாக்கி வைத்திருந்தார். வந்தவர்களிடம் "நான்தான் பக்கத்துல உக்காந்து சொல்லிக் குடுத்தேன்" என்றார், நான் டம்ளர்களை நீட்டிக்கொண்டிருந்தேன். டிசம்பரில் இரண்டு மாத வேலையை அழித்தார். "குப்பை மாதிரி கெடந்துது, சுத்தம் பண்ணினேன்." அடிக்கவில்லை, திட்டவில்லை. அதனால் எவரிடம் சொன்னாலும், நீ எழுதினாயே, கெட்ட எண்ணம் இல்லை என்று, அதைத்தான் சொல்வார்கள். உலகத்தில் எனக்கென்று, அவர் கை படாமல், அந்த அரை வட்டு ஒன்றுதான் இருந்தது. அதையும் நீ போனில் திறந்துவிட்டாய்.

நிறுவனத்து இயக்குநர் அம்மாளிடம் பேசினேன். மரியாதையாகத்தான் பேசினார். "மெயில் உங்க முகவரியிலேர்ந்து வந்திருக்கு. வேற ஆள் எழுதினார்ங்கறீங்க. அப்ப இந்த எழுத்து யாரோடதுன்னே எங்களுக்குச் சந்தேகம் வருதே" என்றார். இடத்தை ஜூலை கடைசி வரை நிரப்பாமல் வைத்திருப்பார்கள். சாவியைக் கொடுத்தவர் யார், யாரிடம் கொடுத்தார், என் சம்மதம் இருந்ததா என்று கையெழுத்துப் போட்ட வாக்குமூலம் வேண்டும். கொடுத்தவன் நீ. நீதான் எழுத வேண்டும்.

வீட்டு விஷயத்தை வெளியே எழுதுவதா என்று அம்மா குதிப்பாள். அத்தான் முகத்தில் எப்படி முழிப்பது என்று நீ தவிப்பாய். தவி. நான் பதினாறு வருஷம் தவித்தாயிற்று.

அக்கா

ஜூலை 16

இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நிறுவனத்துக்குத் தேர்வான வடிவமைப்பாளரின் உடன்பிறந்த தம்பி நான். கணினிப் பாதுகாப்புத் துறையில் பதினொரு ஆண்டுகளாகப் பணியாற்றுகிறேன்.

என் அக்காவின் கணினியில் அவருடைய பகுதி குறியாக்கம் செய்யப்பட்டது. அதன் மாற்றுச் சாவி என்னிடம் இருந்தது. அதை என்னிடம் தர அவருக்கு விருப்பமில்லை, நான்தான் வற்புறுத்தினேன். எவரிடமும் தரக்கூடாது என்று அவர் எழுத்தில் கேட்டிருந்தார். அந்தக் கடிதத்தின் நகலை இணைத்துள்ளேன். மார்ச் 28 அன்று காலை, அவருடைய கணவர் தொலைபேசியில் கேட்டதன் பேரில், என் அக்காவிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்காமல், அந்தச் சாவியை அவரிடம் கொடுத்தேன். அன்று தங்களுக்கு வந்த மெயிலை என் அக்கா எழுதவில்லை.

எழுத்துருவைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் அது அவர் ஒருவரின் உழைப்பு என்பதை நான்கு ஆண்டுகளாக அறிவேன். இந்தத் தவறில் அவருக்கு எந்தப் பங்கும் இல்லை. தவறு என்னுடையது. இதை எங்கே வேண்டுமானாலும் காட்டலாம்.

இங்ஙனம்,
(கையெழுத்து)

இதன் நகல்: அக்காவுக்கு, அச்சக முகவரிக்கு.

ஆகஸ்ட் 9

தம்பிக்கு,

நீயும் அம்மாவும் நலமா? இருமல் நின்றுவிட்டது.

உன் நகல் வந்தது. அதைக் கையில் எடுப்பதற்கு முன்பே, ஒரு மாதம் உன்னிடமிருந்து சத்தமில்லாமல் இருந்ததற்கு மனசுக்குள் உன்னை உரித்துத் தொங்கவிட்டிருந்தேன். படித்துவிட்டு அச்சகத்துக் காகிதக்கட்டு மேல் உட்கார்ந்து அழுதேன், அதையும் எழுதிவிடுகிறேன். பூசி மெழுகாமல் எழுதியிருந்தாய். ஆனாலும் ஆறு வாரம், தம்பி. நாற்பத்திரண்டு நாள். அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை.

திங்கட்கிழமை சேர்ந்துவிட்டேன். வெளிச்சம் நன்றாக விழும் மேசை. முதல் நாளே 'ழ'வின் வாலைப் பற்றி மூன்று பேர் சண்டை போட்டோம். மூன்று பேருக்கும் விஷயம் தெரிந்திருந்தது.

ஒரு பெட்டியோடு கிளம்பினேன். சொல்லிக்கொண்டுதான் வந்தேன், ஓடி வரவில்லை. "யாரைக் கேட்டுப் போறே?" என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினேன்.

தங்கியிருக்கும் அறையின் விலாசம் உறை மேல் இருக்கிறது. உன்னைத் தவிர ஒருவருக்கும் தரவில்லை. அத்தான் உனக்குப் போன் பண்ணுவார். மிரட்டமாட்டார். அன்றைக்கு மாதிரியே இனிக்க இனிக்கத்தான் கேட்பார்.

அக்கா

ஆகஸ்ட் 22

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீ நிம்மதியாகத் தூங்குகிறாய் என்று நினைத்துக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை போன் வந்தது. நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். "மச்சான், நல்லா இருக்கியா? எழுதினதெல்லாம் போகட்டும், நான் ஒண்ணும் மனசுல வச்சுக்கலை. உங்க அக்கா இருமல் மருந்தை விட்டுட்டுப் போயிட்டா, பாவம். பார்சல் பண்ணணும். விலாசம் மட்டும் சொல்லேன்" என்றார்.

தெரியாது என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். நாக்கு நுனி வரை வந்துவிட்டது. பிறகு எனக்கு வந்தது பார் ஒரு கோபம்! இரண்டாவது தடவையும் மருந்தும் ஜுரமும்தானா? என்னை எவ்வளவு முட்டாள் என்று நினைத்திருக்கிறார்? "தெரியும் அத்தான். தரமாட்டேன்" என்றேன். அப்புறம், "அம்மாகிட்ட போனைக் குடு" என்றார். கொடுத்தேன்.

அம்மா கேட்டுக்கொண்டாள், ஆமாம் மாப்பிள்ளை, ஆமாம் மாப்பிள்ளை என்றாள், போனைக் கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்பி, "சொல்லுடா, எங்க இருக்கா?" என்றாள். சொல்லமாட்டேன் என்றேன். "பெத்தவகிட்டயுமா?" என்றாள். உன்கிட்டயும்தான் என்றேன்.

அம்மா என்னோடு பேசி நாலு நாளாகிறது. தட்டை நங்கென்று வைத்துவிட்டுப் போகிறாள். உன் விலாசத்தைச் சொன்னால்தான் பேசுவாளாம். பேசாமலே இருக்கட்டும்.

தம்பி